சித்தப்பா கையில துப்பாக்கி இருந்திருந்தா..?

ராத்திரி மணி 1.50. திருச்சியிலிருந்து மன்னார்குடி வழியாக வந்த பஸ், திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தோளில் பேக், கையில் அழுக்குத் துணி மூட்டை (ஹாஸ்டல்வாசிகளுக்குப் புரியும்!), பாக்கெட்டில் சார்ஜ் செத்துப்போன செல்போன். 'சொல்லாம கொள்ளாம போய் நின்னு அம்மாவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்' என்பதுதான் பிளான்.

சர்ப்ரைஸ் எனக்குத்தான் காத்திருந்தது.

எங்களுடையது எட்டு வீடுகள் மட்டுமே உள்ள சின்ன அபார்ட்மென்ட். இரண்டாவது மாடியில் எங்க வீடும் சித்தப்பா வீடும் எதிரெதிர். அன்றைக்குப் பார்த்து கரன்ட் கட். படியில் தடவித் தடவி ஏறி, என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திருகுகிறேன்... திறக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பட்டுக்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பதோ, கிளம்புவதற்கு முன்னால் பூட்டை மாற்றிவிட்டதோ எனக்குத் தெரியாது. பத்து நாள் முன்னால் கீழ் வீட்டில் பூட்டை உடைத்து ஆறு பவுன் நகையைத் திருடன் அள்ளிப்போனதும் தெரியாது. இரண்டு நிமிடம் அந்தக் கதவோடு குஸ்தி போட்டேன்.

பின்னால் கதவு திறந்தது. "யார்றா அது!" என்று ஒரு குரல். அது சித்தப்பா குரல்தான் என்று மூளைக்கு எட்டுவதற்குள் உலக்கை ஒன்று என் இடது தோளில் இறங்கிவிட்டது.

"ஐயோ... சித்தப்பா... நான்தான்!"

அப்புறம் என்ன? சித்தி டார்ச் அடிக்க, சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் வீக்கம், தைலம், ஒத்தடம், சுடுகஞ்சி. ராஜ உபசாரம்!

மேட்டர் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. அடுத்த நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "இந்தக் காலத்துல உலக்கையெல்லாம் சரிப்படாதுடா. உரக்கடை கலெக்‌ஷன் பணத்தை ராத்திரி வீட்டுலதான் வைக்கிறேன். லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கிடலாம்னு இருக்கேன். நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... எது நல்லாருக்கும்னு விசாரிச்சு சொல்லேன்."

நாலு மணி நேரத்துக்கு முன்னால் அடி வாங்கிய தோளை நான் தடவிப் பார்த்துக்கொண்டேன். சரி, விசாரித்துவிடுவோம் என்று களத்தில் இறங்கினேன்.

கடையில போய் கேட்டா குடுப்பாங்களா?

எங்க அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் ஒரு ரிட்டயர்டு எஸ்.ஐ. இருக்கிறார். எல்லாரும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அவரிடம் போனேன்.

"உனக்கு வயசு என்ன தம்பி?"

"இருபதுங்கய்யா."

"அப்ப உனக்குக் கிடையாது. இருபத்தொண்ணு முடியணும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கான பைபிள். நம்ம ஊர்க்காரர் என்றால் திருவாரூர் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாதிரி கமிஷனர் இருக்கும் நகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். விண்ணப்பம் போனதும் உள்ளூர் போலீஸிடம் ரிப்போர்ட் கேட்பார்கள். கேஸ் இருக்கிறதா, ஆள் எப்படி, அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவு உண்டா என்று துருவுவார்கள். உடலும் மனசும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிஃபிகேட், பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்கான சான்று, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி... எல்லாம் வேண்டும்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பாதுகாப்புக்காக நீளக்குழல் கொண்ட சாதா துப்பாக்கி கேட்பவர்களையும், பயிரைக் காப்பாற்ற வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவர்களையும் சட்டம் ஒரு விதமாகப் பார்க்கிறது. இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கியை வேறு விதமாகப் பார்க்கிறது. கைத்துப்பாக்கிக்கு 'தக்க காரணம்' இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். 'திருடன் வருவான் சார்' என்பது மட்டும் போதுமா என்பது அவர் முடிவு.

"லைசென்ஸ் கிடைச்சாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். வீட்டைக் காப்பாத்த வாங்கின துப்பாக்கியை ஸ்டேஷன் காப்பாத்தும்!" என்றார் ஐயா.

2019-ல் வந்த திருத்தம் இன்னும் டைட். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து மாட்டினால் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் ஜெயில். கல்யாண வீட்டில் சந்தோஷத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்தக் கோபத்தில்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆனால் சுதந்திரம் வந்து அரசியலமைப்பை எழுதியபோது அது இடம்பெறவில்லை. கூட்டம் கூடும் உரிமையைக்கூட 'அமைதியாக, ஆயுதமின்றி' என்றுதான் எழுதி வைத்தார்கள்.

ரிவால்வரா, பிஸ்டலா?

சினிமாவில் ஹீரோ இடுப்பிலிருந்து உருவுகிறாரே 9 எம்.எம். பிஸ்டல், அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். நாம் வாங்க முடிவதில் பெரும்பாலும் .32 ரகம்தான். ரவையின் விட்டம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அரசுத் தொழிற்சாலைகள் இந்த ரகத்தில் ரிவால்வரும் பிஸ்டலும் செய்து விற்கின்றன. (நம்ம திருச்சியிலும் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை உண்டு. அதன் முக்கிய வேலை ராணுவத்துக்கு ரைஃபிள் செய்வது.)

ஞாபகம் இருக்கிறதா 'நிர்பீக்'? டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய ரிவால்வர். எடை அரை கிலோ. ஹேண்ட்பேக்கில் அடங்கும். விலை? அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய்! 'பஸ்ஸில் போகிற எந்தப் பெண் இதை வாங்குவாள்? பெண்ணைக் காப்பாற்றுவது அரசின் வேலையா, அவள் பர்ஸின் வேலையா?' என்று அன்றைக்கே கேள்விகள் பறந்தன.

துப்பாக்கி பிடித்த அனுபவம் உள்ள ஒரே ஆள் என் கிளாஸ்மேட். என்.சி.சி. கேம்பில் .22 ரைஃபிள் சுட்டவன். அவனிடம் கேட்டேன்.

"ரிவால்வர்ல ஆறு குண்டு, சுத்துற உருளை. திறந்து பார்த்தா காலியா இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும். புதுசா பழகுறவங்களுக்கு அது ஈஸின்னு சொல்வாங்க. பிஸ்டல்ல மேகஸினைக் கழட்டிட்டா காலின்னு நினைச்சுப்பாங்க. ஆனா உள்ள அறையில ஒரு குண்டு உக்காந்திருக்கும். 'காலிதானே'ன்னு விளையாடுறப்ப வெடிக்கிறது அப்படித்தான்" என்றான்.

அப்படியானால் சித்தப்பாவுக்கு ரிவால்வர் என்று எழுதிவிடலாமா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டுக் கதவு என்ன மரம்?" என்றான்.

கட்டம் கட்டி மனப்பாடம் பண்ண வேண்டிய நாலு விதி

1. எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிற துப்பாக்கியாகவே நினை.
2. சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே.
3. சுட முடிவு செய்யும் வரை விசையில் விரலை வைக்காதே.
4. எதிரே நிற்பது யார், அதற்குப் பின்னால் யார், எது என்று தெரியாமல் சுடாதே.

உலகம் முழுக்கத் துப்பாக்கிப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது இந்த மாதிரி விதிகளைத்தான். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு நாலாவதுதான் உயிர்.

மலிங்கா பந்தும் .32 ரவையும்

கதவு என்ன மரம் என்று அவன் ஏன் கேட்டான்? ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் நோட்டைத் தூசி தட்டினேன். .32 ரிவால்வர் குண்டு சுமார் 6 கிராம். வேகம் நொடிக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை எம்.வி. ஸ்கொயர் போட்டால் சுமார் 150 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் மலிங்கா போட்டால் சுமார் 120 ஜூல்.

'அட, அவ்ளோதானா?' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. வித்தியாசம் அகலத்தில் இருக்கிறது. பந்தின் விட்டம் சுமார் 72 மில்லிமீட்டர். குண்டுக்கு 8. குறுக்குவெட்டுப் பரப்பில் 80 மடங்கு சின்னது. அந்த மொத்த சக்தியும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் இறங்குகிறது. அதனால்தான் பந்து பட்டால் வீங்குகிறது, குண்டு துளைத்துக்கொண்டு போகிறது.

எங்க அபார்ட்மென்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருப்பது ப்ளைவுட் ஒட்டிய ஃப்ளஷ் டோர். ஜன்னல் கண்ணாடி. சித்தப்பா தன் வீட்டு வாசலில் நின்று சுட்டால் முதலில் இருப்பது நான். என்னைத் தாண்டினாலோ தவறினாலோ எங்க வீட்டுக் கதவு. அதற்குப் பின்னால் ஹாலில் பாய் விரித்து படுத்திருப்பது எங்க அப்பாயி. தனி வீடு என்றால் பின்னால் கொல்லையும் வாழை மரமும். அபார்ட்மென்டில் நாலு பக்கமும், மேலேயும் கீழேயும், ஆள் படுத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல். திருடனுக்காக வாங்கும் துப்பாக்கியை எங்கே வைப்பது? பீரோவில் பூட்டி, குண்டை வேறு இடத்தில் வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி தேடி, எடுத்து, போட்டு... திருடன் டீயே குடித்துவிட்டுப் போயிருப்பான். தலையணைக்கு அடியில் வைத்தால்? சித்தப்பா மகள் நாலாம் வகுப்பு. அப்பாவின் செல்போன் பாஸ்வேர்டை நாலு தடவை கண்டுபிடித்தவள்.

கதவுக்குப் பின்னால் யார்?

இது சும்மா கற்பனை இல்லை. 2013 பிப்ரவரி 14. தென்னாப்பிரிக்காவின் ப்ரிடோரியா. காவலும் சுற்றுச்சுவரும் உள்ள குடியிருப்பு. இரண்டு காலும் இல்லாமல் ஒலிம்பிக்கில் ஓடிய ஆஸ்கர் பிஸ்டோரியஸ், பூட்டியிருந்த டாய்லெட் கதவை நோக்கி 9 எம்.எம். பிஸ்டலால் நாலு முறை சுட்டார். உள்ளே இருந்தது அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். 'திருடன் என்று நினைத்தேன்' என்றார் அவர். மேல் நீதிமன்றம் 2015-ல் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. உள்ளே யார் இருந்தாலும், அந்தக் கதவை நோக்கிச் சுட்டால் சாவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாராம்சம்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் அமெரிக்காவிலேயே ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. கைத்துப்பாக்கி உள்ளவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையாகும் வாய்ப்பு, துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெளியிலிருந்து வரும் ஆபத்து இதனால் குறைந்ததாகவும் தெரியவில்லை. 2020-ல் வந்த இன்னொரு கலிஃபோர்னியா ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறக்கும் வாய்ப்பு சுமார் எட்டு மடங்கு என்கிறது. அரியர், லவ் ஃபெயிலியர், கடன் என்று எல்லார் வீட்டிலும் ஒரு மோசமான ராத்திரி வரும். மறுநாள் விடிந்தால் பாதி சரியாகிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் விடிகிற வரை காத்திருக்க விடாது.

"சட்டப்படி சுடலாம்தானே ஐயா?" என்று மறுபடி எஸ்.ஐ. ஐயாவிடம் கேட்டேன். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், அதற்கு முந்தைய ஐ.பி.சி.யிலும் தற்காப்பு உரிமை உண்டு. ராத்திரி நேரத்தில் வீட்டை உடைத்து உள்ளே வருபவனுக்கு எதிராக, தேவைப்பட்டால் உயிர்போகும் அளவு வரைகூட அந்த உரிமை போகும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு இம்மி கூடக் கூடாது. "ஓடுறவனைச் சுட்டா அது தற்காப்பு இல்ல. 'தேவையா இருந்துச்சா'ன்னு கோர்ட்டு பத்து வருஷம் நிதானமா யோசிக்கும். உனக்கு யோசிக்க ரெண்டு செகண்டு" என்றார் ஐயா.

அப்பாயி சொன்னது

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஹாலில் வைத்து சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அசையவில்லை. "அதெல்லாம் பயிற்சி எடுத்தா சரியாயிடும்டா. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துல எத்தனை பெரிய வீட்டுல துப்பாக்கி மாட்டி வச்சிருந்தாங்க! அது ஒரு கெத்துடா" என்றார்.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி கையை நிறுத்தியது.

"பெரிய வீட்டுலதாண்டா இருந்துச்சு. நம்ம வீட்டுல எங்க இருந்துச்சு? வெண்மணி சேதி வந்த அன்னைக்கு எங்கப்பா எங்களையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயி, சம்பாப் பயிருக்குள்ள ஈரத்துல உக்கார வச்சாரு. விடியிற வரைக்கும் வாயத் தொறக்கல. துப்பாக்கிச் சத்தம்னா கெத்தா தெரியுது உனக்கு. எனக்கு இன்னைக்கும் கொலை நடுங்குது."

காலேஜ் நண்பர்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற தலித் விவசாயக் கூலிகளின் தெருவுக்குள் நிலக்கிழார்கள் தரப்பு ஆட்கள் துப்பாக்கியோடும் ஆயுதங்களோடும் புகுந்தார்கள். பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார் தரப்பினரை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இத்தனை வருடத்தில் அப்பாயி இதை எங்களிடம் சொன்னதே இல்லை. ஹாலில் யாரும் பேசவில்லை. சித்தப்பா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "தோள் இன்னும் வலிக்குதாடா?" என்றார். அடித்த நாளிலிருந்து அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போ என்னதான் வாங்கினோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் மீட்டிங் போட்டோம். எட்டு வீடும் ஆஜர். எஸ்.ஐ. ஐயாதான் தலைமை. முடிவானவை:

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இரும்பு கிரில் கேட். ராத்திரி பத்தரைக்கு மேல் பூட்டு. எட்டு வீட்டுக்கும் சாவி.

ஒவ்வொரு மாடியிலும் ஆள் நடந்தால் எரியும் சென்சார் லைட். கரன்ட் போனாலும் எரியும் பேட்டரி ரகம்.

எல்லாக் கதவிலும் வெளியே பார்க்கும் லென்ஸ், உள்பக்கம் சங்கிலி, கதவுக்குள் பதியும் பூட்டு. தொங்குகிற பூட்டு 'வீட்டில் ஆள் இல்லை' என்று திருடனுக்கு நாமே மாட்டும் போர்டு.

கேட்டிலும் மாடிப்படியிலும் சி.சி.டி.வி. கேமரா.

ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல். அவசரத்துக்கு 112. தமிழ்நாடு போலீஸின் ஆப் எல்லார் செல்போனிலும். தனியாகப் போய்வரும் அக்காக்களுக்கு பெப்பர் ஸ்ப்ரே. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

உரக்கடை கலெக்‌ஷன்? கேஷ் குறைந்து ஸ்கேன் பண்ணி வரும் பணம்தான் இப்போது அதிகம். மிச்சத்தைத் தினமும் சாயங்காலம் பேங்க் மெஷினில் போட்டுவிடுகிறார் சித்தப்பா. வீட்டில் பணம் இல்லை என்றால் பாதுகாக்க வேண்டியதில் பாதி குறைந்தது.

மொத்தச் செலவை எட்டு வீட்டுக்கும் பிரித்தோம். ஒரு வீட்டுப் பங்கு, 2014-ல் அந்தக் குட்டி ரிவால்வர் விற்ற விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

சித்தப்பா கேட்ட கேள்விக்கு நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டின் கடைசி வரி இதுதான்: 'அபார்ட்மென்டுக்கு ஏற்ற துப்பாக்கி எது என்று தேடினேன். கதவுக்கு வெளியே நிற்பது நான்தான் என்று இருட்டில் கண்டுபிடிக்கிற துப்பாக்கி எதுவும் இன்னும் வரவில்லை.' சித்தப்பா படித்துவிட்டு மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். அதே கடைசி பஸ். இந்த முறை செல்போனில் முழு சார்ஜ். மன்னார்குடி தாண்டும்போதே கால் போட்டேன். கேட்டுக்கு வந்ததும் லைட் எரிந்தது. கையில் சாவியோடு சித்தப்பா நின்றார். "சாப்டியாடா?" என்று பேக்கை வாங்கிக்கொண்டார்.

மக்களே, ஹாஸ்டலில் இருந்து ராத்திரி பஸ் பிடிக்கிறீங்களா? சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம். ஏறினதும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க!